இரண்டு டைமன்

முதல் கேள்வி சுலபம்.
பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவி
"ஒரு டைமன்" என்று பச்சைத் துணிமேல் வைத்தால்
வாசலில் செருப்பைக் கழற்றிய மாதிரி.
வந்திருக்கிறேன், பன்னிரண்டு புள்ளியாவது இருக்கிறது,
அவ்வளவுதான்.

எதிரே வெரேனா. முப்பத்தோரு வருடம்
எம்மென்டால் மேடுகளில் தபால் பேருந்து ஓட்டியவள்.
"ஒரு இஸ்பேட்" என்கிறாள், அட்டையால்.
இங்கே வாய்க்கு வேலையில்லை.
முன்னூற்றிநாலு ஆடுகையில்
மேசைக்கடியில் காலை மிதித்தே கதையை முடிப்போம்;
பூர்க்டோர்ஃப் ரயிலடி உணவகத்தின் பின்னறையில்
ஒரு மூச்சு நீண்டாலும்
நடுவரைக் கூப்பிடுவார் லூத்தி.

இனி என் இரண்டாவது கேள்வி.
கையில் ஐந்து டைமன், ஏஸும் ராணியும் சேர்த்து.
நான்கு ஆட்டின்: ராஜா, ராணி, ஜாக்கி, ஓர் ஆறு.
இஸ்பேட்டில் ஒரே ஒரு ஏழு.
மூன்று கிளாவர், சொல்லும்படியாக இல்லை.
எண்ணினேன், பன்னிரண்டு.
விரல் மடக்கி மறுபடி எண்ணினாலும்
பன்னிரண்டு.

"இரண்டு ஆட்டின்" சொல்லப் பதினேழு வேண்டும்.
தாழ்ந்ததைச் சொல்லிவிட்டு உயர்ந்ததற்குத் தாவுகிறவள்
கூட்டாளியை மூன்றாம் மாடிக்கு ஏற்றுகிறாள்.
படி இருக்கிறதா என்று பார்க்காமல்
ஏற்றக் கூடாது.

இந்த நாட்டுக்கு வந்த வருடம்
என்னையும் இரண்டு தடவை கேட்டார்கள்.
முதலில் பெயர், பிறந்த இடம், வந்த வழி.
அடுத்த தடவை நாள் முழுக்க.
முன்பு சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும்
தட்டச்சு நின்றுவிடும்,
அந்தம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.
பட்டதில் பாதியைச் சொன்னேன்.
நம்பினார்கள்.

இரண்டு டைமன் வைத்தேன்.
பச்சை அட்டை, பச்சை அட்டை, பச்சை அட்டை.
லூத்தியின் மனைவி முதல் சீட்டை இறக்கினாள்.
வெரேனா தன் கையை விரித்து அடுக்கினாள்:
இஸ்பேட் ஐந்து,
ஆட்டின் நான்கு,
தலைமாட்டில் ஏஸ்.

ராஜா ராணி ஜாக்கி என்னிடம், ஏஸ் அவளிடம்,
நடுவே ஒரு மேசை அகலம்.
"நன்றி, கூட்டாளி" என்றேன், அது வழக்கம்.
ஒரு பிடி குறைந்து விழுந்தோம்.
ஏழாம் மேசையில் யாரோ துணிந்து பொய் சொல்லி
நூற்றுக்கு எண்பது வாங்கினார்களாம்.

காப்பி இடைவேளையில்
சர்க்கரைத் தாளைக் கிழித்தபடி கேட்டாள்:
உன்னிடம் டைமன் எத்தனை?
ஐந்து.
ஐந்துதானா, என்று சிரித்துவிட்டாள்,
திரும்பவும் அதையே சொன்னாயே,
ஆறு என்று நினைத்தேன்.

குறைத்துச் சொன்னதிலும்
ஒன்று
கூடித்தான் போயிருக்கிறது.