இரண்டாவது கியர்

இந்த மலை எனக்குத் தெரியும் என்று
பதினோரு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெலுக் பஹாங்கில் ஆள் ஏற்றி
பாலேக் பூலாவில் மீதியை ஏற்றி
பாயான் லெப்பாஸ் பாக்டரி வாசலில்
எட்டு மணி ஷிப்டை இறக்கிவிடும் பஸ்
என்னுடையது.
அணைக்கட்டு தாண்டினால் மூன்றாவது கியர்,
முதல் கொண்டை ஊசியில் இரண்டாவது.
அவ்வளவுதான் மலை.
வலது கால் கட்டைவிரல் அளவு.

இன்றைக்கு அது தொடை வரைக்கும் வந்துவிட்டது.

என் எண் 2417.
முதுகில் நான்கு ஊக்கு; ஒன்று கிளம்பும்போதே கழன்று
தாள் படபடத்தது.
பாடாங் கோத்தாவிலிருந்து இருட்டோடு புறப்பட்டோம்,
ஆயிரம் பேருக்கு மேல், எல்லார் பின்னாலும்
ஒரு சிவப்பு விளக்கு.
கடலோரம் வரைக்கும் நான் ராஜா.
பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல் காவலாளி கைகாட்டினான்.
உற்சாகப்படுத்தினானாம்.
பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறான் என்று
பிரேக்கைத் தொட்டுவிட்டேன்.

அப்புறம் அணை.
அப்புறம் யாரும் பேசவில்லை,
லோகவாணி தவிர.
ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து
நேராக சைக்கிள் ஏறியவள்.
"மூச்சை எண்ணாதீங்கண்ணே, எண்ணினா மாட்டிக்கும்"
என்று சொல்லிவிட்டு
வளைவில் மறைந்தாள்.
அதற்குப் பிறகு எண்ணுவதைத் தவிர
வேறெதுவும் செய்ய முடியவில்லை.

வழியெல்லாம் ஜாதிக்காய்.
விழுந்து பிளந்து, உள்ளே அந்தச் சிவப்பு வலை,
மேலே டயர் தடம்.
டுரியான் தோட்டத்து வாசலில் ஒரு சீனர்
பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "சிக்கிட் லாகி."
அடுத்த வளைவில் கொடி பிடித்த பையனும் சொன்னான்: "சிக்கிட் லாகி."
இன்னும் கொஞ்சம்தான்.
எந்த பாஷையில் சொன்னாலும் பொய் பொய்தான்.
தித்தி கெராவாங் பாலத்தில்
தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.
இத்தனை வருஷம் ஓர் அருவியை
என் எஞ்சின் மூடி வைத்திருந்திருக்கிறது.

அந்தச் சத்தத்துக்குள் இன்னொன்று.
பின்னால், கீழே,
கிளட்ச் தேய்ந்த முனகல்.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.
என் பஸ்.
எனக்குப் பதில் இன்று ஹஸ்ருல்.

சாலையில் பாதியைக் கூம்பு வைத்து மறித்திருந்தார்கள்.
மிச்சப் பாதியில் நான்.
ஹஸ்ருல் ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.
நான் அடித்திருக்கிறேன், போன மாசம்,
இதே இடத்தில், மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனை
ஓரத்துக்குத் தள்ளும்வரை.
முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் போனால்
பாலேக் பூலாவ் சிக்னலில் மூன்று நிமிஷம்,
ஏர்போர்ட் பக்கம் பத்து.
பத்து நிமிஷம் தாமதமானால்
அரை மணிச் சம்பளம் வெட்டு.
அட்டையில் சிவப்பாக விழும்.
கடைசி வரிசை நேபாளப் பையன்
அதை ஒருமுறை என்னிடம் நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை. நீட்டினான், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் காலை ஊன்றினால்
மறுபடி ஏற முடியாது.
அது எல்லாருக்கும் தெரியும்.
ஊன்றினேன்.
ஒரு கால் சாலையில், ஒரு கால் சாக்கடையில்.

பஸ் என்னை உரசிக்கொண்டு ஏறியது.
கண்ணாடி கண்ணாடியாய்,
அழுந்தித் தட்டையான கன்னங்கள்,
திறந்த வாய்கள்,
ஒருத்தியின் முக்காட்டு நுனி ஜன்னலில் மாட்டி ஆடியது.
ஒருவர்கூட விழித்திருக்கவில்லை.
நடுக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
உச்சந்தலைகள்.

மீதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.
அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியிருந்தது,
பிடுங்கவும் தோன்றவில்லை.

உச்சியில் வாழைப்பழம் கொடுத்தார்கள்.
இறக்கத்தில் பையன்கள்
விசிலடித்துப் பறந்தார்கள்.
என்னையும் கத்தி அழைத்தார்கள்:
"விடுங்க அங்கிள், சும்மா விடுங்க!"

விடவில்லை.
ஒவ்வொரு வளைவிலும்,
எனக்குப் பின்னால் நாற்பது பேர்
தூங்கிக்கொண்டிருப்பதுபோல,
மெதுவாக, மெதுவாக,
பிரேக் பிடித்தேன்.