திரும்பப் பெற்றது

திங்கட்கிழமையிலிருந்து என் நாட்காட்டியில்
வெள்ளை இடமே இல்லை.
அரைமணி, அரைமணி, அரைமணி,
நடுவே கால்மணி மீன்சூப்.

பன்னிரண்டு வருடம் இதே ஜன்னலோரம்.
காதில் ஹெட்போன், எதிரே ஓவுலு ஆறு.
யாராவது தோளைத் தொட்டால்
பிழை எங்கே என்று மட்டும் கேட்பேன்.
இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன்.
எங்கள் ஊரில் அது சும்மா கேட்கிற கேள்வியில்லை.
கேட்டுவிட்டால்
கொஞ்சநேரம் மேசையைப் பார்த்துவிட்டு
உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

சினிக்காவுக்கு அடுத்த வாரம் விவாகரத்து.
யல்மரிக்குச் சம்பளம் போதவில்லை.
இதற்கெல்லாம் டெஸ்ட் எழுத முடியாது,
ஓட்டிப் பார்த்து, பச்சை விழுந்ததும்
வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

புதன் இரவு, பிள்ளைகள் தூங்கியபின்
மடிக்கணினியைத் திறந்தேன்.
திருட்டுத்தனமாகத்தான்.
துறைமுகக் கிரேன்களின் நேரக்கணக்கு
குளிர்காலத்துக்குக் கடிகாரம் மாற்றிய இரவிலிருந்து
ஒருமணி பிசகிக்கொண்டிருந்தது.
ஏத்துவின் டிக்கெட். மூன்று நாளாக அவனிடம்.
எனக்கு நாற்பது நிமிடம்.
ஏழு வரி.
விரல்களுக்குப் பசி அடங்கியது.
யாரிடமும் சொல்லாமல் சேர்த்துவிட்டு
அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

காலையில் எனக்கு முன்பே வந்திருந்தான்.
வெள்ளைப்பலகை முழுக்க அவன் கையெழுத்து.
அம்புக்குறிகள், கட்டங்கள், அடித்த ஒரு கட்டம்,
கடைசியில் இரண்டுமுறை வட்டமிட்ட ஓர் இடம்.
சரியான இடம்தான்.
"முடிஞ்சிருச்சு போல" என்றான், திரையைப் பார்த்தபடி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்,
ஏற்கெனவே துடைத்திருந்ததை.

அந்தத் துடைப்பு
எந்த லாகிலும் விழாது.

மதியம் இருட்டுவதற்குள்
அந்த ஏழு வரியை நானே திரும்பப் பெற்றேன்.
காரணம் கேட்கும் பெட்டிக்குள்
கர்சர் நெடுநேரம் கண்சிமிட்டியது.
"இது என் வேலை இல்லை" என்று தட்டினேன்.
கோபப்பட்டதுபோல் இருந்தது.
அழித்தேன்.
"ஏத்துவினுடையது" என்று எழுதினேன்.

அவனுடையது வெள்ளி மாலை வந்தது.
பத்தொன்பது வரி,
என்னுடையதைவிடச் சுற்றுவழி.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.
மார்ச்சில் மறுபடி கடிகாரம் மாறுமே,
அப்போது என்னாகும் என்றும் யோசித்திருந்தான்.
நான் யோசிக்கவில்லை.

சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினேன்.
அன்று முழுக்க என் பெயரில்
அது ஒன்றுதான் பதிவு.

தலை நிமிர்ந்தபோது கவனித்தேன்,
ஆறு உறைந்துவிட்டிருந்தது.
எந்த நாள் என்று தெரியவில்லை.
ஏதோ கூட்டத்தில் இருந்திருப்பேன்.