கூடுதலாக இருநூறு

மெக்ஸிகோ நகரம், போர்ட்டாலெஸ் முனை ரொட்டிக்கடை.
செப்டம்பர் பத்தொன்பது. மாவு இருமடங்கு.
"யார் வாங்குவாங்க?" என்கிறான் புதுப்பையன்.
அடுப்பு சூடேறிவிட்டது, பேச நேரமில்லை.

எண்பத்தைந்தில், காலை ஏழேகால்.
ஒப்துலியா பேருந்தைத் தவறவிட்டிருந்தாள்.
அவள் போய்ச் சேர்ந்தபோது
அவள் தையல் மெஷின் இருந்த நான்காம் மாடி
இடுப்பு உயரத்தில் கிடந்தது.
முதலாளியின் ஆட்கள் முதலில் வெளியே இழுத்தது
துணிக்கட்டுகளை.
அதன்பிறகு எந்தப் பேருந்துக்கும் அவள் ஓடியதில்லை.

முப்பத்திரண்டு வருஷம். அதே தேதி.
பதினோரு மணிக்கு ஒத்திகைச் சங்கு.
வரிசையாக இறங்கினோம், சிரித்தோம், ஏறினோம்.
ஒன்றேகாலுக்குத் தரை
ஒத்திகை பார்க்காமல் வந்தது.
இடிபாட்டின்மேல் ஒருவன் முஷ்டி உயர்த்தினால்
தெருவே மூச்சடக்கும்,
அடியில் யாராவது இருமுகிறார்களா என்று.
கூடையோடு நடந்தேன்.
பயந்தவர்க்கு முதலில் ரொட்டி,
இந்த ஊரில் அதுதான் மருந்து.

மூன்றாம் முறையும் இதே தேதியில் ஆடியபோது
நாங்கள் நம்பவில்லை,
விளக்குக் கம்பங்கள் நம்பின.
வானொலியில் ஒரு பேராசிரியர்
தற்செயல்தான் என்று கணக்குப் போட்டார்.
குரல் நடுங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாறைக்கு நாட்காட்டி கிடையாது. தெரியும்.
ஆனாலும் ஒப்துலியா பதினெட்டைக் கிழிக்கும்போது
பத்தொன்பதையும் சேர்த்தே கிழிப்பாள்.
குப்பையிலிருந்து எடுத்து
அதன் முதுகில் மாவுக்கணக்கு எழுதுகிறேன்.

இருட்டும்வரை எதுவும் ஆடவில்லை.
இருநூறும் மீந்துவிட்டது.
"நஷ்டம்," என்கிறான் பையன், தட்டுகளை அடுக்கியபடி.
ஒப்துலியா ஆறிப்போன ஒன்றைப் பிய்த்து
நின்றவாக்கில் தின்கிறாள்.
உப்பு கொஞ்சம் குறைச்சல் என்கிறாள்.