தொடர்ச்சிக் குறிப்புகள்

பர்னபியில் மழை.
ஆறாம் எண் கொட்டகைக்குள் சைபீரியா.
காகிதக் கூழில் செய்த பனியின் மேல்
டோர்கெல் ஓஸ்லிங் செத்துக்கொண்டிருக்கிறார்,
மதியச் சாப்பாட்டுக்கு முன்
நான்காவது தடவையாக.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
போன ஷாட்டில் கோப்பை எந்தக் கையில்,
மேல் பொத்தான் திறந்ததா மூடியதா,
சாகும்போது எந்த இமை முதலில் சரிந்தது.
இடது, என்று எழுதுகிறேன்.
நான்கு தடவையும் இடது.
அந்த மனிதரிடம் பிழை கண்டுபிடித்து
ஒருநாள்கூட நான் சம்பளம் வாங்கியதில்லை.

பதினோரு வருடம், ஒன்பது படம்.
என் கோப்புகளின்படி அவர்
ரஷ்யத் தளபதி, நார்வேப் பாதிரி,
டெக்சாஸில் குதிரைக்கு லாடம் அடிப்பவர்,
பெயரில்லாத ஒரு நாட்டின் சர்வாதிகாரி,
ஒருமுறை, ஐந்து மணி நேரம் ஒட்டிய ரப்பர் தோலுக்குள்,
வேற்றுக்கிரகத்து விதவை.
ரசிகர் கடிதங்கள் அதிகம் வந்தது
விதவைக்குத்தான்.

என் பெயர் மங்கையர்க்கரசி.
யூனிட்டுக்கு நான் மேகி.
அவர் மட்டும் முதல் வாரமே
என் பெயரை வசனம்போல எழுதி வாங்கிப்போய்
மறுநாள் முழுதாகச் சொன்னார்.
நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்.
பதினோரு வருடமும் விழுங்கியது
அதே எழுத்தை.
இதைத்தான் எங்கள் தொழிலில்
தொடர்ச்சி என்கிறோம்.

பிறந்தது ஹெர்னோசாண்டில். அப்பா
மர ஆலை ரம்பத்துக்கு நடுவிரல்கள் மூன்றைக் கொடுத்தவர்.
கோப்பை பிடிக்கப் பையன் கற்றது
மீதமிருந்த கையைப் பார்த்து.
கட்டைவிரல், சுண்டுவிரல், இடையில் காற்று.
தளபதி வோட்கா குடித்தது அப்படித்தான்.
பாதிரி திருவிருந்துக் கிண்ணத்தை ஏந்தியதும்.
விதவைக்கு எட்டு விரல்,
அவளும் இரண்டால்தான் பிடித்தாள்.
எந்த இயக்குநரும் கவனிக்கவில்லை.
நான் ஓரத்தில் சின்னதாய் எழுதிவைத்தேன்.

பிறகு வந்தது அந்தப் படம்.
முதன்முறையாக அவருக்கு
ஒரு ஸ்வீடன்காரன் வேடம்:
கடல் தாண்டி வந்து குடியேறிய தச்சன்.
இரண்டாம் நாள் தயாரிப்பாளர் முகம் சுளித்தார்.
ஸ்வீடன்காரன் பேசுகிற மாதிரி இல்லையே.
மினசோட்டாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.
இப்படி ஏற வேண்டும், இங்கே இறங்க வேண்டும்,
கடைசியில் சின்ன ஊஞ்சல்.
டோர்கெல் பென்சிலை நக்கி நக்கிக் குறித்துக்கொண்டார்,
நல்ல மாணவராக.
கோபமே வரவில்லையா என்று கேட்டேன்.
அறுபது வயதில் தாய்மொழிக்கு டியூஷன்,
காசும் அவர்களே கொடுக்கிறார்கள் என்றார்.

சாப்பாட்டு மேசைக் காட்சி.
தச்சன் கோப்பையை எடுக்கிறான்.
ஐந்து விரலாலும்.

கையைத் தூக்கினேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
தொடர்ச்சிப் பிழை, என்றேன்.
இயக்குநர் மானிட்டரைப் பின்னோக்கி ஓட்டினார்.
போன ஷாட்டிலும் ஐந்து விரல்தானே மேகி?
அதற்கு முந்தைய ஷாட், என்றேன். எந்த ஷாட்?
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
டோர்கெல் சிரித்தார். பிறகு மெதுவாக,
பயிற்சியாளர் தந்த அந்த ஊஞ்சலோடு,
"இந்த ஆளுக்கு அப்பா வேறு" என்றார்.

மார்ச்சில் செய்தி வந்தது.
நார்த் வான்கூவரில், ஆஸ்பத்திரியில், தூக்கத்தில்.
பத்திரிகைகள் அவர் திரையில் செத்த தடவைகளை எண்ணின,
ஒன்று முப்பத்தொன்று என்றது, மற்றொன்று இருபத்தெட்டு.
இமையைப் பற்றி யாரும் எழுதவில்லை.
வார்டுக்குப் போன் பண்ணிக் கேட்கலாமா என்று
ஒரு கணம் நினைத்ததுண்டு.
என்னவென்று கேட்பது?

இப்போது ஆறாம் கொட்டகையில் சஹாரா.
லாரி லாரியாக மணல். கூரையில் மழைச் சத்தம்,
ஒலிப்பதிவாளர் திட்டுகிறார்.
புது உதவியாளன் பேனாவோடு நிற்கிறான்.
கோப்பை எந்தக் கையில்?
வலது.
எத்தனை விரல் என்று அவன் கேட்கவில்லை.
மேல் பொத்தான்?
இரு, பார்த்துச் சொல்கிறேன்.