ஒயர் பிடிப்பவள்

வேளச்சேரி நீச்சல்குளம்,
பன்னிரண்டு அடி ஆழம்.
அடியில் ஊர்கிறது எங்கள் கெளுத்தி:
பிளம்பர் கடையில் மிஞ்சிய பைப்,
மூன்று மோட்டார்,
மிதப்புக்கு இரண்டு தண்ணீர் பாட்டில்,
நேற்றிரவு மூன்றாம் முறை பூசிய எம்-சீல்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் ரெஜினா.
அவளுக்குக் குளம் தெரியாது, டிவி மட்டும்.
எனக்குக் குளம் தெரியும்,
பேசக் கூடாது.
விதிமுறை, பக்கம் ஒன்பது.

வளையம் இடப்பக்கம், ஒரு சாண்.
ஒரே ஒரு சாண்.
அவள் வலப்பக்கம் தேடுகிறாள்.
கேமராவில் ஆவி படிந்திருக்க வேண்டும்.
ஒயரை இழுத்தால் குற்றம்;
தளர்த்தலாம்.
நாக்கைக் கடித்தபடி
தளர்த்திக்கொண்டே இருந்தேன்.

நாற்பது விநாடி.
நடுவர் பேனா மூடியைத் திறக்கிறார்.
"புடிச்சிட்டேன்!"
திரைக்குப் பின்னாலிருந்து கத்துகிறாள்.
மேலே வந்த கெளுத்தியின் வாயில்
எந்தக் குழந்தையோ தொலைத்த
மஞ்சள் ஹேர்கிளிப்.

அதற்கு மதிப்பெண் கிடையாது.
கேட்டும் பார்த்தோம்.

பறக்கும் ரயிலில்
திருமயிலை வரை யாரும் பேசவில்லை.
மடியில் சுருட்டிய ஒயர்
சுடிதாரை நனைத்துக்கொண்டிருந்தது.
"நீ பாத்தியா? வளையம் எங்க இருந்துச்சு?"
இப்போது விதி ஏதுமில்லை.
"தெரியலடி" என்றேன்,
கிளிப்பை அவள் தலையில் குத்திவிட்டு.