தூக்குக்குண்டு

செவ்வாய்ப்பேட்டையில்
எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால்
ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து.
புது எண் பதினேழு, பழைய எண் நாற்பத்தொன்று.
பூட்டைத் திறக்கும் வேலை இருக்கவில்லை,
நிலையோடு சேர்ந்து கதவே விலகி வழிவிட்டது.

மாநகராட்சி இளநிலைப் பொறியாளர் நான்.
ஒரு சுத்தியல், ஒரு டார்ச், நூலில் கட்டிய தூக்குக்குண்டு.
நிரப்ப வேண்டிய படிவத்தில் இரண்டே கட்டம்:
இடிக்கத்தக்கது.
இடிக்கத்தகாதது.
ஆடி பிறக்கப் பதினெட்டு நாள்.
வண்டி வேடிக்கைக்கு வரும் சனம்
இந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்க்கும்.

பங்காளிகள் ஒன்பது பேர்.
ஜபல்பூர்க்காரர் தபாலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
ஈரோட்டுப் புவனேந்திரன் காலையிலேயே வந்து
"கை வெச்சா விழுந்துரும்னு எழுதிருங்க மேடம்" என்றார்.
பழைய வீடுகளைப் படமெடுக்கும் பேராசிரியை தமயந்தி
மதியம் வந்து, இந்த மாதிரித் தூண்போதிகை
ஊரில் இன்னும் நாலு வீட்டில்தான் என்றார்.
இருவரும் டீ வாங்கித் தந்தார்கள்.
இரண்டையும் குடித்தேன்.

முற்றத்தில் பாசி.
மாடிக் கைப்பிடிச் சுவரை வேரால் கவ்விய அரசங்கன்று.
ஜவ்வரிசி மண்டி கொடுத்த தொண்ணூற்றெட்டாம் வருஷக் காலண்டரில்
நவம்பர் கிழிபடவே இல்லை.
தெருப்பக்கம் போய் முகப்பில் நூலை இறக்கினேன்.
மேலே சுவரைத் தொட்ட நூல்
கீழே நாலு விரல் விலகி நின்றது.
காற்றாக இருக்கும் என்று மறுபடி இறக்கினேன்.
நாலு விரல்.

பிறகுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன்.
நடுக்கூடத்தை இரண்டாக வகிர்ந்து,
வரைபடத்தில் இல்லாத சுவர்.
பூசவில்லை. மட்டம் பார்க்கவில்லை.
கொத்தனாரை யாரோ விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
வாசலில் தட்டுவடை செட் போடும் இருசாயி சொன்னார்:
அண்ணனும் தம்பியும் ஓர் அம்மிக்கல்லுக்காகப்
பேச்சை நிறுத்திய வாரம் எழுந்ததாம்.

ஸ்டூலில் ஏறி உத்திரத்தைத் தொட்டேன்.
ஒழுகல் குடித்துக் குடித்து நடுவில் இற்றிருந்தது.
விரல் வைத்தேன், மணிக்கட்டு வரை போனது.
எப்போதோ விழுந்திருக்க வேண்டியது.
விழவில்லை.
வயிற்றுக்கு அடியில் அந்தச் சுவர்.

முகத்தில் விழிக்கக் கூடாதென்று வைத்த கல்,
நாற்பது வருஷமாய்
இரண்டு பங்குக் கூரையையும் தலையில் வைத்திருக்கிறது.

அலைபேசியில் புவனேந்திரன்:
"அந்த நடுச்சுவத்தையாவது முதல்ல எடுத்துரலாங்களா?
பாக்கவே அசிங்கம். இப்பத்தான் எல்லாரும் ராசியாயிட்டமே."
ராசியானதால்தான் விற்கிறார்கள்.
"அதைத் தொட்டால் வீடே இறங்கிவிடும்" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப, அதத் தொட்டாப் போதுங்களா?"

இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு
ஓரத்தில் எழுதினேன்:
தெருப்பக்க முகப்பை ஆடிக்கு முன் இறக்கவும்.
நடுச்சுவருக்கு இருபுறமும் முட்டுக் கொடுக்கவும்,
ஒருவரும் கை வைக்கக் கூடாது.
மற்றதைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.
கடைசி வரியை அடித்தேன்.
அரசாங்கத் தாளில் தெரியவில்லைக்கு இடமில்லை.
அடித்த பின்னும் படிக்க முடிகிறது.

ஆணையர் எதைப் படிப்பார் என்று
புறப்படும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.
"வண்டியை எதிர்ப்பக்கம் போட்டுக்கோங்க" என்றேன் இருசாயியிடம்.
ஏன் என்று கேட்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.
அண்ணாந்து, நாலு மணிக்கு நிழல்
எங்கே விழும் என்று கணக்குப் போட்டார்.
சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த செங்கல்லைக்
குனிந்து எடுத்தார்.
இந்த வீட்டுக் கல்தான்,
ஓரத்தில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது.
அதை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
தள்ளிக்கொண்டு போனார்.