பொய்சொல்லான்கண்மாய்

ஆபீஸ் கொடுத்த கருவியின் திரையில்
ஊர்ப்பெயருக்கு நாலு எழுத்துதான் இடம்.
சோறுகண்டான்வயல் 'சோறுகண்' என்று நிற்கும்.
நரிவிழுந்தான்குடி, 'நரிவிழு'.
காரைக்குடியிலிருந்து பதினேழு கிலோமீட்டர்,
பஸ் நின்று ஆறு வருஷம்,
கருவேலம் ரோட்டை மறித்து நிற்கும் இந்த ஊர்
திரையில் எனக்கு உத்தரவு போடுகிறது:
பொய்சொல்.

எனக்கு முன்னால் இந்தத் தடத்தில் இருந்த சேவுகமூர்த்தி
அப்படித்தான் செய்தார்.
விலக்கு டீக்கடையில் உட்கார்ந்தபடியே
பதினொரு மீட்டருக்கும் சுழியம் போட்டுவிட்டு
வடையை முடித்துக்கொண்டு கிளம்புவார்.
பெரிய தப்பில்லை.
பத்துக்குச் சுழியம்தான்.

பதினொன்றாவது அண. லெ. சிட்டாள் பெயரில்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு,
இரண்டிலும் பூட்டு.
மீட்டரில் சிவப்புப் புள்ளி மினுக்குகிறது.
எழுபத்திரண்டு யூனிட்.

திருட்டோ என்று சுற்றிவந்தேன்.
கொக்கி இல்லை. ஒயர் இல்லை.
தேக்கு ஜன்னலின் இடுக்கில் கண்ணை வைத்தால்
உள்ளே
ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

மடித்த ஜமுக்காளம். எவர்சில்வர் தூக்கு.
முந்தின வருஷத்துக்கும் முந்தின காலண்டர்
ஒரே தேதியைத் தூக்கித் தூக்கி விடுகிறது.
கடைசிப் படைப்புக்கு வந்தவர்கள்
விளக்கெல்லாம் அணைத்து,
பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து,
இதை விட்டுவிட்டார்கள்.

ஐம்பது வாட், இருபத்துநாலு மணி, அறுபது நாள்.
வாயாலேயே பெருக்கினேன். அதே எழுபத்திரண்டு.
நூறு வரைக்கும் இலவசம் என்பதால்
பில் போகவில்லை,
யாருக்கும் தெரியவில்லை.

அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
ஈப்போவில் ஒரு பையன் எடுத்தான்.
எந்த ஊரிலிருந்து என்றான். சொன்னேன்.
"பொய் சொல்லாதீங்க அங்கிள்" என்று
சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

பதினொன்றும் சுழியமானால்
டிரான்ஸ்ஃபார்மரை இறக்கிவிடலாம்,
தடத்திலிருந்து ஊரையே அடித்துவிடலாம்
என்று ஜே.ஈ. சொல்லியிருந்தார்.
ஃபியூஸ் கட்டை வெளிச்சுவரில்,
கைக்கு எட்டும் உயரம்.
ஓணான் ஒன்று அதன்மேல் உட்கார்ந்து
தலையை ஆட்டிக்கொண்டிருந்தது
ஆமாம் என்றா வேண்டாம் என்றா.

காது கொடுத்துக் கேட்டேன்.
எண்ணெய் இல்லாத பேரிங்,
சுற்றுக்கு ஒரு முறை
'ட்டிக்'.

ஏழை அழுத்தினேன். அப்புறம் இரண்டு.
கருவி கொஞ்சம் யோசித்தது,
ஏற்றுக்கொண்டது,
நரிவிழு என்றது.

வண்டி நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.